பன்னிரண்டில் வைத்தால் ஒன்பதில் நிற்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி என்னவென்று எனக்கே விளங்காமல்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அவள் காதில் விழக்கூடாததை எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், காபி காலையில் ஒன்றோடு சரி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததை நானே சரிசெய்தேன். மாடியில் குடியிருக்கும் தையல்கார அக்கா உன்னை விசாரித்தார்கள். நீ குனிந்தே வேலை பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார், மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, இடுப்பு போனால் திரும்பி வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கிளம்பும்போது விட்டுப்போன எஸ்பிரெசோ மெஷினையும் காபிக்கொட்டை அரைக்கிற மெஷினையும் நான் தொடவே மாட்டேன் என்று நினைத்திருப்பாய். நீ லீவுக்கு வருவதற்குள் உனக்குப் பிடித்த அந்தக் கலவையை நீ போடுகிற மாதிரியே போட்டுக் கையில் கொடுத்து உன்னை அசத்த வேண்டும் என்று இரண்டு மாதமாக அதோடு கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறேன். கறுக்க வறுத்தது மூன்று பங்கு, இளசாக வறுத்தது ஒரு பங்கு என்று நீ டப்பா மேல் எழுதி ஒட்டியிருந்தாயே, அதே கணக்குதான். பதினெட்டு கிராம் தூள் போட்டால் முப்பத்தாறு கிராம் டிகாஷன் இறங்க வேண்டும், அதற்கு இருபத்தெட்டு விநாடி ஆக வேண்டும். தூள் நைசாக இருந்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து கசக்கிறது, கொரகொரப்பாக இருந்தால் கொடகொடவென்று கொட்டிப் புளிக்கிறது. அரைக்கிற மெஷினின் டயலில் எண் குறையக் குறைய நைசு. லேத் மெஷினில் முப்பத்தொரு வருஷம் நின்றவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்றுதான் இறங்கினேன், முதல் பத்து நாள் வாயில் வைக்க முடியவில்லை. அம்மாவும் ஒவ்வொரு காலையும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே நல்லாத்தான் இருக்கு என்பாள். கடைசியில் பன்னிரண்டில் பிடித்தேன் பாப்பா. மேலே தேன் நிறத்தில் நுரை, உள்ளே நீ சொல்வாயே வறுத்த வேர்க்கடலை வாசனை, எல்லாம் இருந்தது. அம்மா மட்டும் இன்னும் கொஞ்சம் புளிக்குது என்றாள், உன் நாக்கு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அதே கொட்டை, அதே எடை, சொட்டுச் சொட்டாக விழுகிறது, நாற்பத்தைந்து விநாடி ஆகியும் கப் நிறையவில்லை. பார்த்தால் டயல் ஒன்பதில் நிற்கிறது. சரி, துடைக்கும்போது கை பட்டிருக்கும் என்று பன்னிரண்டுக்குத் திருப்பினேன். ஒரு நாள் சரியாக இருந்தது, அதற்கடுத்த நாள் மறுபடியும் ஒன்பது. ஓடுகிற அதிர்வில் தானாக நகருகிறதோ என்று கொட்டை போடாமல் முப்பது தடவை ஓட்டிப் பார்த்தேன், இம்மி நகரவில்லை. சரிதான் என்று ஒரு தாளில் தினமும் வைத்த எண்ணையும் மறுநாள் காலையில் இருந்த எண்ணையும் குறிக்க ஆரம்பித்தேன். பத்து நாளில் ஆறு நாள் மாறியிருக்கிறது. என் கையெழுத்தில் பன்னிரண்டு என்று இருக்கிறது, டயல் வேறு சொல்கிறது. அம்மா அந்த மெஷின் பக்கமே போகமாட்டாள், அது உங்க பொண்ணோட பொம்மை, நீங்களே வச்சு விளையாடுங்க என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்படியானால் திருப்பியது யார்? நான்தானே?

இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உன் பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அலாரத்தை அவரே மாற்றி வைத்துவிட்டு யார்டா இதைத் தொட்டது என்று வீட்டையே இரண்டாக்குவார். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கதவில் தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டிருந்தார். நான் என்னையே சோதித்துப் பார்க்கிறேன், பழைய வேலைகளின் அளவெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறேன், என் முதல் ஃபோர்மேனின் சைக்கிள் நம்பர்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் பழையது கடைசியில்தான் போகும், முதலில் போவது நேற்றைக்கு நடந்ததுதான் என்று பெரியம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, பயமாக இருக்கிறது பாப்பா.

மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதி நிறுத்தினேன், இன்று வியாழன். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். தினமும் நாலு மணிக்கு நூலகத்துக்குப் போய் பேப்பர் படித்துவிட்டு ஐந்தரைக்கு வருவேன் அல்லவா, அன்றைக்குப் பாதி வழியில் செருப்பு வார் அறுந்து திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தால் வீடெல்லாம் காபி வாசனை. சமையலறையில் உன் அம்மா கையில் கப்போடு நிற்கிறாள், மேலுதட்டில் நுரை, கையும் களவுமாகப் பிடிபட்டவள் அசடு வழிய வேண்டாமா, என்ன இப்படி முழிக்கிறீங்க, ஒரே ஒரு வாய்தானே, டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க என்று என்னை அதட்டுகிறாள். நான் டயலைப் பார்த்தேன். ஒன்பது. அடிப்பாவி என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அவளுக்கு ஒன்றும் புரியாமல் நெஞ்சு வலிக்குதா என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நெனச்சேன் என்றேன்.

அதற்கு அவள் சொன்னதைக் கேட்டால் நீ சிரிப்பாய். என் காபி அவளுக்குப் புளிக்கிறதாம், சொன்னால் நாக்கு சரியில்லை என்கிறேனாம், அதனால் நான் நூலகம் போகிற நேரத்தில் அவளுக்குப் பிடித்த மாதிரி நைசாக அரைத்துக் கசப்பாகக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்துவிடுவாளாம். டயலை மட்டும் திருப்பி வைக்கத் தோன்றவில்லை. மறுபடி பார்த்தால் அது பன்னிரண்டுக்குப் போயிருக்கும், நான் எல்லாம் தெரிந்துகொண்டு வாயால் சொல்லாமல் ஜாடையாகத் திட்டுகிறேன் என்று அவளும் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருக்கலாம்ல என்றாள், சொல்லியிருக்கலாம்ல என்றேன். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இந்த லட்சணம்தான். அன்றைக்கு அவளுக்கென்று ஒன்பதிலேயே வைத்து நான் போட்டுக் கொடுத்தேன், நானும் ஒரு வாய் குடித்தேன், சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, உன் கலவை அதில்தான் நன்றாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் உன் அம்மாவே போனில் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஏதோ வேடிக்கைக்குத்தான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நாள் நீயா, இந்த நாள் நீயா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஆமா, ஆமா என்று ஐந்து நாளுக்குத் தலையாட்டினாள். ஆறாவது நாள் போன வாரம் புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் செவ்வாயிலிருந்து வியாழன் மதியம் வரை அவள் உன் சித்தி வீட்டில் இருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான், சாவியும் என்னிடம்தான். புதன் காலை பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன், வியாழன் காலை இருந்தது பதினேழு. அவள் ஒரு நாளும் பதினேழில் வைத்தவள் இல்லை. அவள் தாளை வாங்கி விரலை வைத்து மறுபடி ஒரு தரம் படித்தாள். நீங்க தப்பா எழுதியிருப்பீங்க என்றாள். நானும் ஆமாம் என்றேன். ஆனால் அன்றைக்குக் காபி பத்து விநாடியில் தண்ணீராகக் கொட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, டயலைத் திருப்பியதுதான் ஞாபகம் இல்லை.

சும்மா கை பட்டிருக்கலாம். எதையாவது யோசித்துக்கொண்டே திருப்பியிருக்கலாம், எல்லோருக்கும் நடப்பதுதான். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், தன் ரத்த அழுத்தத்துக்கு என்று என்னிடம் சொல்கிறாள், நானும் நம்புகிற மாதிரி இருக்கிறேன். உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை அவ்வளவு தூரத்தில் கிடந்து தவிக்கும் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் போனில் அவளிடம் ஒன்றும் கேட்காதே. முடிந்தால் லீவைக் கொஞ்சம் முன்னால் எடுத்துக்கொண்டு வா. முடியாவிட்டால் பரவாயில்லை, ஓடி வராதே, வேலையைப் பார்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். பின்னால் ஒரு நாள், எனக்கு ஒன்றுமில்லை, எந்த டாக்டரிடமும் வரமாட்டேன், எல்லோரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்குகிறீர்கள் என்று நான் உன்னோடு மல்லுக்கு நிற்கலாம், பெரியப்பா அப்படித்தான் நின்றார். அப்போது என்னோடு சண்டை போடாதே, அழாதே, இதை எடுத்து என் கையில் கொடு. வேறு யார் சொல்லை நம்பாவிட்டாலும் என் கையெழுத்தை நான் நம்புவேன்.

இப்படிக்கு, இன்று நல்ல நினைவோடு,
உன் அப்பா