கற்றாழைக் கூறை

மார்ச் 9, ஞாயிறு

மோர்னிங்சைட்டில் இன்னும் ஸ்னோ. பஸ்ஸுக்கு நிற்கும்போது மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துச் சந்து மறுபடி கண்ணுக்குள் வந்தது. போன வருடம் சுற்றுலாவில் பார்த்தது. சுவரோரமாக நீளத்துக்கு நூல் கட்டி முறுக்குகிறார்கள். வெயிலில் நீலம், நிழலில் ஊதா. போகிறவர்கள் நூலுக்குக் கீழே குனிந்து போகிறார்கள், ஒருவருக்கும் கோபமில்லை. கற்றாழை நாரில் எடுத்த பட்டு. ஒரு புழுவும் சாகாத பட்டு! என் கலியாணக் கூறைச் சேலை இதில்தான். அபிஷனிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 15

அபிஷன் உடனே ஓம் என்றான். "ஐ லவ் இட். பட் அம்மாக்கு நீர்தான் சொல்லோணும்."

நான் கட்டப்போகிற வீரன்!

மார்ச் 16

கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. ஆகவே மார்க்கம் நகரத்துக்குப் போய், அபிஷனின் அம்மா கமலாம்பிகை மாமியிடம் எல்லாம் சொன்னேன். அக்காவின் கூறை எடுக்க இந்தியா போனபோது, கொதிநீரில் பட்டுக்கூடுகளைக் கொட்டியதைக் கண்டது. உள்ளே புழு உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து நான் பட்டு உடுத்தாதது.

"கத்தாழை நாரிலயோ? அதில கயிறெல்லோ பிள்ளை திரிக்கிறவை! மருமகளைக் கயித்தால சுத்தியோ கூட்டிக்கொண்டு வாறது? சனம் என்ன சொல்லும்?" பிறகு மெல்ல, "கூறை பட்டிலதான். அது நான் குடுக்கிறது."

திரும்பும்போது காரில் அழுதேன். பட்டு உடுத்து மணவறையில் இருக்க என்னால் ஏலாது. ஏலவே ஏலாது. அப்ப என்ன செய்யிறது — கலியாணத்தை விடுறதோ?

மார்ச் 30

ஃபெஸ் சந்தில் கண்ட நெசவாளர் இத்ரீஸுக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் எழுதிவிட்டேன். மணப்பெண்ணுக்கு, சிவப்பு, நீளத் துணி. மாமியைப் பிறகு பார்ப்போம்.

ஏப்ரல் 20

இத்ரீஸ் தறியின் சத்தத்தை அனுப்பினார். அதைக் கேட்டபடி தூங்கிப்போனேன். கனவில் எக்ளின்ரன் அவெனியூ முழுக்கச் சிவப்பு நூல். பஸ்கள் குனிந்து குனிந்து போயின. மற்ற நுனியை மாமி பிடித்திருந்தார். இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

மே 11

இத்ரீஸ் என் உயரமும் தோள் அளவும் கேட்டார். அனுப்பினேன். மாமியிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பார்சல் வந்தது. ஐயோ, ஐயையோ! இத்ரீஸ் தைச்சு அனுப்பிப்போட்டார்!

கழுத்திலிருந்து கால்வரை குட்டிக் குட்டி நூல் பொத்தான் வைத்த நீள அங்கி. அவர்களுடைய மணப்பெண்கள் போடுகிற கஃப்தான். வெறும் துணியை அனுப்ப மனம் வரவில்லையாம், தையல் அவருடைய மனைவியின் அன்பளிப்பாம். தைக்க வேண்டாம் என்று நான் எழுதவேயில்லை. எங்கட ஆக்களுக்கு அதைச் சொல்லத் தேவையே! ஆரில கோவிக்கிறது? அவ்வளவு வடிவு வேறு. ஆனால் தைத்த துணி கூறையாகாது. ஞாயிற்றுக்கிழமை கலியாணம்.

அபிஷன் தாயிடம் சொன்னானாம். அவர் உடனே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

ஜூன் 30

நேற்று நடந்தது இன்னும் பாதி கனவு போல இருக்கிறது.

கூறைத் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வந்தது. தொட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் நிமிரவில்லை. பட்டென்றால் எழும்பிப் போவதா, பல்லைக் கடித்து உடுப்பதா என்று அதுவரை எனக்கே தெரியாது. தட்டு என் கைக்கு வந்தது. சிவப்பு, மஞ்சள் கரை. பருத்தி!

"என்ன கமலம், நூல் சேலையோ கூறை?" என்று ஒரு அன்ரி கேட்டார்.

"ஓம். என்ர மருமகளுக்கு நான் எடுத்தது," என்றார் மாமி, மண்டபத்துக்கே கேட்க.

உடுப்பு மாற்றும் அறையில் மாமியே கொசுவம் பிடித்தார். "பஞ்சும் செடியில காய்க்கிறதுதானே பிள்ளை. அதுக்கேன் மொரோக்கோ?"

"நீங்கள்தானே பட்டெண்டு நிண்டனீங்கள்?"

"நிண்டனான்தான். கடையில பட்டைத் தொட்டுப் பாத்தன், நீர் சொன்ன புழுவெல்லோ ஞாபகம் வந்துது." கொசுவத்தை வெடுக்கென்று செருகினார். "வீட்டில அலுமாரி முழுக்கப் பட்டு. இனி நான் என்னத்தை உடுக்கிறது, சொல்லும் பாப்பம்?"

அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் தாய், அத்தனை சனத்துக்கு முன், நூல் சேலை உடுத்திருந்தார்.