சாக்கு பார்க்கும் வேலை

அண்ணாச்சி,

கம்பெனியில் சாக்கு பார்க்கும் வேலை மீண்டும் காலியாக இருக்கிறது. முந்தாநாள் காலையில் கிடங்கு மேஸ்திரி சொன்னார். வாசலுக்கு வெளியே அந்த ஓலைக் கொட்டகை ஆளில்லாமல் கிடந்ததை நானும் பார்த்தேன். நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இதை எழுத அந்தக் காட்சி வேண்டியிருந்தது.

வேறு மிளகாய்ப்பொடிக் கம்பெனியில் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. நம் பக்கம் வாங்கும் பழைய சாக்குகளில், பட்டாசுத் தொழிற்சாலைகளுக்குக் கந்தகம் ஏற்றி வந்த சாக்கும் கலந்துவிடும். உதறினால் தூசி போகும், வாடை போகாது. மேனேஜராக இருந்த நீங்கள், ஒவ்வொரு சாக்கையும் உட்புறம் வெளியே வரத் திருப்பி முகர்ந்து பார்க்கச் சுப்புத்தாயை வைத்தீர்கள். மிளகாய் நெடியில் மூக்கு மரத்துவிடும், ஆகவே அவர் மிளகாய் காயும் களத்துக்குள் வரக்கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. அவருக்குக் காப்பிகூட வாசலுக்குத்தான் போகும்.

அதை நீங்களே மீறிய நாளில் நான் பத்திரிகைக்காக விலை நிலவரம் கேட்க வந்திருந்தேன். சீசன், ஆள் போதவில்லை. காலையில் அவரை உள்ளே அழைத்து மிளகாய் அள்ளவைத்தீர்கள். மதியம் சாக்கு வண்டி வந்தது.

"மொளகா அள்ளுன மூக்கு, அண்ணாச்சி. இப்ப மல்லியப்பூவக் குடுத்தாலும் எனக்கு மண்ணுதான்," என்றார்.

"லோடு ஏத்த லாரி நிக்குது தாயி. பாத்த மட்டும் போதும், அனுப்பு."

தூத்துக்குடிக்குப் போன லோடு கந்தக வாடையோடு திரும்பி வந்தது. யாரும் அதைச் சாப்பிடவில்லை. முதலாளி சுப்புத்தாயை நீக்கினார். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். பிறகு ஊரில் எந்த மிளகாய்க் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. திருத்தங்கலுக்குத் தீப்பெட்டி ஒட்டப் போனார்.

நாலு வருடம் கழித்து, நீங்கள் மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகியபோது களத்தில் பந்தல் போட்டார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

"போற அன்னைக்காவது இனிப்பாப் பேசுங்க அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து மேஸ்திரி கத்தினார்.

"மொளகாக் கம்பெனியில இனிப்புக்கு எங்கலே போக?"

சிரிப்பு அடங்கியதும் சொன்னீர்கள்: "நான் நடத்துன கம்பெனிங்கிறாக. அந்தக் கொட்டகையில ஒருத்தி நல்லா மோந்து பாத்ததால நடந்துச்சு. அன்னைக்குத் தப்பு எம்மேல. நாந்தான் அவள உள்ள கூப்புட்டேன்."

முதலாளி என்னை ஓரமாக அழைத்தார். "மனசு எளகிப் பேசிட்டாக. பேப்பர்ல வேண்டாம்."

நான் நாலு வரி எழுதினேன். அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்து பத்திரிகையை விரித்தீர்கள்.

"மால போட்டது மட்டும் வந்திருக்கு."

"இடம் பத்தல அண்ணாச்சி," என்றேன். அது பொய்.

"சுப்புத்தாயி எழுத்து தெரியாதவ. யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாகன்னு இருப்பா. பேப்பர்ல வரும்னு நாந்தான் சொல்லியனுப்புனேன்."

அதற்குப் பிறகும் நாம் பலமுறை சந்தித்தோம். நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. உங்கள் பேச்சு என் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

முந்தாநாள் மாலை அதை ஒரு வார்த்தை விடாமல் படியெடுத்தேன். நேற்று ஒரு படியை முதலாளியிடம் கொடுத்தேன். மதுரையில் இருக்கும் எங்கள் பத்திரிகைக்கு ஒன்று தபாலில் போயிருக்கிறது. ஆசிரியர் போடுவாரா என்று தெரியவில்லை. மூன்றாவதை இன்று திருத்தங்கலில் சுப்புத்தாய்க்கு வாசித்தேன்.

பசைக் கையை மடியில் துடைத்துக்கொண்டு கேட்டார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அவுக," என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும்தான்," என்றார். பிறகு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அவரை மறுபடி வேலைக்கு எடுப்பதா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக முதலாளி கூறியிருக்கிறார். இன்று செவ்வாய். நான் அதைச் சொன்னதும் சுப்புத்தாய் உள்ளே திரும்பி மகளிடம் சொன்னார்:

"ஏட்டி, வெள்ளிக்கெழம வரைக்கும் வீட்டுல மொளகா வறுக்காத."