மூடிய ஓடை

2024 மார்ச் 5
நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தில் இன்று, சுவிஸில் நாங்கள் வாழும் மாவட்டத்தின் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்தேன். ரயில் வருவதற்கு முந்தியது. தம்பி நிருசனும் அவன் மனைவி ரிஷானியும் வாங்கப்போகும் வீடு எங்கே வரும் என்று விளையாட்டாகத் தேடினேன். அந்தக் காலத்து வீடுகள் எல்லாம் தேவாலயத்தைச் சுற்றி, மேட்டில். கீழே ஒன்றுகூட இல்லை. சதுப்பு, நடுவே ஓர் ஓடை. அவனுடைய வீடு அதன் மேலேயே வருகிறது. இப்போதைய வரைபடத்தில் ஓடையைக் காணோம். குழாயில் விட்டு மூடியிருப்பார்கள். பெருமழைக்குக் குழாய் தாங்குமா?

மார்ச் 6
சொல்லத்தான் போன் எடுத்தேன். அவன் முந்திக்கொண்டான். "அக்கா, நாளைக்குக் கையெழுத்து! ரிஷானி திரைச்சீலையும் பார்த்திட்டாள்." பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. கரு கலைந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை.
"நல்ல விஷயம்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 7
கையெழுத்து வைத்துவிட்டார்கள்.

மே 25
குடிபுகுதல். நிலவறையில் ரிஷானிக்குத் தையல் அறை.

ஜூன் 25
நேற்றைய மழை மேட்டிலிருந்து பழைய வழியே இறங்கியிருக்கிறது. ரிஷானி நிலவறையில். தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை. நிருசன் ஜன்னலை உடைத்து இழுத்தெடுத்தான். அவள் கையெல்லாம் கண்ணாடி வெட்டு. உயிர் தப்பியது.
நான் ஏன் சொல்லேல்ல? ஏன்?

ஜூன் 28
இன்று நிருசனிடம் ஓடையைப் பற்றிச் சொன்னேன்.
"எப்ப தெரியும்?"
"கையெழுத்துக்கு முந்தியே."
"ஏன் வாயைத் திறக்கேல்ல?"
"நீங்கள் சந்தோஷமா இருந்தியள்..."
"அதுக்கு?"


ஆகஸ்ட் 11
இன்றும் அவன் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 19
ரிஷானி கூப்பிட்டாள். "மச்சாள், வீட்டை விக்கிறம், பார்க்க ஆக்கள் வருகினம். துப்பரவாக்க வாறியளோ?"
போனேன். நிருசன் தலையை மட்டும் ஆட்டினான்.
வந்தது ஓர் இளம் சுவிஸ் தம்பதி. அந்தப் பெண் கர்ப்பிணி. தோட்டத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சுவர்களுக்குப் புதிதாக வர்ணம் அடித்தாயிற்று, சொல்லாவிட்டால் தெரியாது. நிருசன் அவர்களை நிலவறைக்குக் கூட்டிப்போய் ஓடையைப் பற்றியும் ஜூனில் நடந்ததையும் சொன்னான். கைகுலுக்கி, நன்றி சொல்லிப் போனார்கள். இனி வரமாட்டார்கள்.
ரிஷானி படியில் அமர்ந்து அழுதாள். அவன் அவளருகே உட்கார்ந்தான்.
"அந்தப் பிள்ளைத்தாச்சியின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுறது கஷ்டமாத்தான் இருந்தது, அக்கா."
ஜூனுக்குப் பிறகு இன்றுதான் என்னை அக்கா என்று கூப்பிட்டான். நான் நிமிராமல் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.