நாலு கோர் போதுமா?

2025 ஜூன் 3, செவ்வாய்

மன்னிச்சிரு கேஷிகா. இவ்வளவு பிந்தி விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெளிச்சம் உன் முகத்தில் விழாமல் முதுகால் மறைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ தூங்கினால்தானே உன் அம்மாவுக்குக் கை திரும்பக் கிடைக்கிறது.

என்னோடு கெம்பஸில் படித்த பிரேமினி இன்று ஒரு கேம் அனுப்பினாள். கொழும்பில் அவளும் சில நண்பர்களும் சேர்ந்து செய்வது. பனிமூட்டத்தில் மலை ரோட்டில் லொறி ஓட்ட வேண்டும். "குறைஞ்சது எத்தனை கோர் உள்ள கம்ப்யூட்டர் வேணும்னு பார்த்துச் சொல்லுடி. எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே பெரிய மெஷின், எதைப் போட்டாலும் ஓடுது."

இது எனக்கு அவர்கள் வைக்கும் பரீட்சை. பாஸானால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் அடுத்த மாதம் நானும் கொழும்புக்குப் போக வேண்டும், உன் அப்பா பார்த்து வைத்திருக்கும் ஒபிஸ் வேலைக்கு. நீ இங்கே றொசல்லயில் என் மாமியோடு, உன் அப்பம்மாவோடு, இருக்க வேண்டும். இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறாய்.

ஜூன் 4

கோர் என்பது ப்ரொசெஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு மூளை. என் லெப்டொப்பில் நாலு. ஆனால் திரையில் எட்டுக் கட்டம் காட்டுகிறது. மாமி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, எட்டுப் பொட்டியில கோடு கோடா ஓடுது? யாருக்கு நெஞ்சு வலி?"

"நாலு ஆளு மாமி. ஆளுக்கு ரெண்டு கை. அதான் எட்டு."

"அப்ப நாலுன்னு சொல்லு. காலையில தோட்டத்துப் பெரட்டுல பேரு கூப்பிடும்போது ஆளத்தான் எண்ணுவாங்க, கைய எண்ண மாட்டாங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் நீ எழும்பிவிட்டாய்.

ஜூன் 6

கேமில் லொறி முதலில் வழுக்கிக்கொண்டு போகிறது. வழியில் வரும் பஜாரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் விக்க ஆரம்பிக்கிறது. ஸ்டியரிங்கை இங்கே திருப்பினால் லொறி யோசித்துவிட்டுத் திரும்புகிறது. மூன்று தரம் ஓட்டினேன். மூன்று தரமும் பள்ளத்தில்.

உன் அப்பா துஷாந்த் கொழும்பிலிருந்து போனில், "கோர் கூடக் கூட நல்லதுதானே. இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றார். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு ஆறு, எட்டு என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதையும் பார்த்தேன். நாலு போதாது, ஆறு வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பிரேமினி: "சரிடி. ஆறுன்னே போட்டுருவோம்."

எனக்கு ஏன் நிம்மதி வரவில்லை?

ஜூன் 9

நாலு போதாது என்றால் முதலில் எப்படி நன்றாக ஓடியது? ஆள் குறைவு என்றால் காலையிலிருந்தே குறைவுதானே?

இன்று நீ தூங்கிய பிறகு ஒரு வேலை செய்தேன். இந்தக் கேம் எத்தனை கோரைத் தொடலாம் என்று நாமே கட்டிப் போடலாம். ஒன்று மட்டும் விட்டால் நகரவே இல்லை. இரண்டு விட்டால் நொண்டுகிறது. மூன்று விட்டால் பஜார்வரை நன்றாக ஓடுகிறது. நாலு விட்டாலும் அதே ஓட்டம்தான், ஒரு மயிரிழை கூடுதல் இல்லை! ஒரு கோர் மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்க, நாலாவது கிட்டத்தட்டச் சும்மா.

தோட்டத்தில் பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம் நினைவுக்கு வந்தது. மலையில் இன்னும் பத்துப் பேரை இறக்கினால் கொழுந்து கூடும். ஆனால் தராசு ஒன்றுதான். வரிசை நீளுமே தவிர யாரும் முந்தி வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கேமுக்கும் எங்கேயோ ஒரு தராசு இருக்கிறது.

அப்படியென்றால் ஐந்தாவதும் ஆறாவதும் வந்து என்ன செய்யும்? நாலாவதே சும்மா இருக்கிறதே!

பிறகு அந்த விக்கல் எங்கிருந்து வருகிறது?

ஜூன் 10, பௌர்ணமி, போயா லீவு

மழை. கரண்ட் இல்லை. கேள்வி மட்டும் இருக்கிறது.

ஜூன் 12

நீதான் கண்டுபிடித்தாய்.

வழக்கம்போல லெப்டொப்பை மடித்த கம்பளியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். மேசை வேர்க்கிறது, இந்த மாதத்தில் இங்கே சுவரே வேர்க்கும். லொறி பஜாரைத் தாண்டியது. நீ தவழ்ந்து வந்து அடியில் கையை வைத்தாய். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ச்சூ!"

தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல். ப்ரொசெஸரின் வேகத்தைப் பார்த்தால் மூன்று கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. கோர் குறையவில்லை. இருந்த நாலும் சூடு தாங்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

திருப்பிப் போட்டேன். காற்றுப் போகும் ஓட்டையெல்லாம் கறுப்பு. புகைக்கரி!

"மாமி, இத எங்க வைப்பீங்க, நான் வேலை முடிச்ச பிறகு?"

"அடுப்புக்கு மேல பலகையிலதான். பாப்பா கம்பளில சுத்தி வைப்பேன். ஈரம் ஏறிச்சுன்னா பூத்துப் போயிரும்ல? உப்பு, நெருப்புப் பெட்டி, ஒங்க மாமாட ரேடியோ, எல்லாம் அங்கதான இருந்துச்சு."

அவர் பொத்திப் பொத்தித்தான் வைத்திருக்கிறார். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டிகிரி வாங்கியவள். ஒரு நாளும் தோன்றவில்லை.

ஜூன் 13

கல்யாணத்துக்கு வாங்கிய பவுடர் பிரஷ்ஷால் கரியைத் தட்டினேன். மாமி கொட்டாங்கச்சி நாலு கொடுத்தார், மூலைக்கு ஒன்று. அதன்மேல் லெப்டொப். "இப்ப ஒங்க மெஷினுக்குக் காலு மொளச்சிருச்சு" என்றார்.

பஜாரைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, மலை உச்சிவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். விக்கல் இல்லை. நாலு கோர் போதும்.

துஷாந்த்திடம் சொன்னேன். "அனுப்புனது அனுப்புனதாவே இருக்கட்டுமே. வேலை கைக்கு வர்ற நேரத்துல, எனக்குப் பார்க்கத் தெரியலன்னு நீயே போய்ச் சொல்லுவியா?" அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் சொன்னேன்: "பயமாத்தான் இருக்கு. பாப்பாவ விட்டுட்டு எப்படிப் போவேன்? ஆனா ஆறுன்னு போட்டா, இந்தப் பக்கத்துப் புள்ளைங்க எத்தன பேரு அந்த எண்ணப் பார்த்துட்டு, நம்ம மெஷின்ல ஓடாதுன்னு திரும்பிப் போகும்? என் வீட்டு அடுப்புப் புகைக்காக!"

அனுப்பிவிட்டேன். பிரேமினிக்கு எழுதியதில் கரி, கம்பளி, கொட்டாங்கச்சி, அந்த ஒற்றைத் தராசு, எதையும் மறைக்கவில்லை.

ஜூன் 16

பதில் இல்லை.

ஜூன் 18

இல்லை. துஷாந்த் ஞாயிறு வருகிறார். கொழும்பு ஒபிஸுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்.

ஜூன் 19

இன்று பிரேமினியிடமிருந்து கேமின் புது வடிவம் வந்தது. கூடவே இரண்டு வரி: "நாலுன்னு மாத்தியாச்சு. அந்தத் தராசையும் ரெண்டாக்கிப் பார்த்திருக்கோம், ஓட்டிப் பாரு, கம்பளி இல்லாம." வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? வேலை இல்லாதவளுக்கு அடுத்ததையும் அனுப்புவார்களா?

ஜூன் 20

அவளுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிரேமினி, பார்த்தேன். உச்சியில் முட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு கோர் இப்போது இறங்கியிருக்கிறது. நாலும் வேலை செய்கின்றன. இரண்டு கோரை மட்டும் விட்டாலும் பஜார்வரை நொண்டாமல் போகிறது. மழை ரோட்டில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம், ஏன் என்று இன்னும் தெரியவில்லை, நாளைக்குத் தேடுவேன். வேலை உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முடிவு சொல்ல வேண்டும், குழந்தையை விட்டுப் போவதா என்று. சீக்கிரம் பதில் போடு.