செல்லப்பன் அண்ணனின் போன்

கர்க்கடகம் 11, வியாழன்

காலை ஆறரைக்கே தகவல் வந்துவிட்டது: அணையின் ஷட்டரை உயர்த்துகிறார்கள், நெய்யாற்றின் கரையில் இருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். உடனே மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகப் போட்டேன். ஒவ்வொருவராகக் கட்டைவிரலைக் காட்டினார்கள். என் வேலை முடிந்தது என்று தோசை சுடப் போனேன்.

பத்து மணிக்குச் செல்லப்பன் அண்ணனின் இரண்டு ஆடுகளும் ஆற்றோடு போயின. வழக்கம்போல விடிந்ததும் கரையில் கட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவிழ்த்துவிட ஆளில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆடுகளுக்கு ஒடித்து வைத்த பிலாவிலை முற்றத்தில் அப்படியே கிடந்தது.

"நீ போட்டிருப்ப மக்கா. எனக்க போனு கேடாக்கும். ஒரு மாசமா நான் அனுப்புனதும் போகல்ல, ஒண்ணும் வரவும் இல்ல," என்றார்.

போனுக்கு ஒரு கேடும் இல்லை. தினமும் விடியுமுன் ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் அனுப்புகிறார் என்று எரிச்சல்பட்டு, போன மாதம் அவரைக் குழுவிலிருந்து நீக்கியது நான். அவரிடம் சொல்லவும் இல்லை. இன்று வாய்வரை வந்தது. "ஆமாண்ணா, பழைய போனுல்லா," என்று சொல்லிவிட்டு வந்தேன். சீ.

வீட்டுக்கு வந்ததும் அவரைத் திரும்பச் சேர்த்தேன். சற்றுமுன் குழுவில் ஒரு ரோஜாப்பூ வந்தது. அதன் கீழே அவர் குரல்: "மக்கா, போனு சரியாச்சு கேட்டியா."