வாசலுக்கு வந்த தராசு

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் குப்பையை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று எங்களிடம் காசு வாங்குகிறார்கள். வண்டிக்காரப் பெண் கொக்கித் தராசில் பையை மாட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள்: "ஒன்பது கிலோ இருநூறு கிராம்!" எதிர்வீட்டில் நாலு பேர், அவர்களுக்கு மூன்று கிலோ. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்னமோ நாங்கள் தினமும் விருந்து வைத்து மிச்சத்தைக் கொட்டுகிற மாதிரி.

அவளிடம் போய்ச் சொல்லவா முடியும் — பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடக்கிற அப்பாவின் டயப்பர்தான் அதில் முக்கால்வாசி என்று?

ஜூன் 5, வியாழன்

மனசு ஒரு நிலையில் இல்லை. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருடைய வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டேன். முதலாளி தானே அடித்துத் திருத்தினார். திட்டியிருக்கலாம். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

ஜூன் 7, சனி

ஒன்பது கிலோ எழுநூறு. போன தடவையைவிட அதிகம்! வாசலில் நின்றே இவரிடம் எரிந்து விழுந்தேன்.

"மெதுவாப் பேசு, மாமா காதுல விழப்போகுது" என்றார்.

எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "விழட்டும்! ஈரமாகி ஈரமாகி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி கனக்குது. நான் என்ன பண்ண?"

அப்பாவின் கட்டில் முன்னறையில், ஜன்னலோரம். கேட்டிருக்குமா? டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

திருட்டு வேலையில் இறங்கிவிட்டேன். நாலு டயப்பரைக் கறுப்புப் பையில் கட்டி, கடைக்கு எடுத்துப்போய், பின்பக்கத் தொட்டியில் போட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரி மூக்கைச் சுளித்தாள். நானும் கூடச் சேர்ந்து சுளித்தேன், வேறு யாரோ கொண்டுவந்த மாதிரி. நாற்பத்தாறு வயசில் இதெல்லாம் தேவையா எனக்கு?

ஜூன் 12, வியாழன்

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். முதலாளி பையைப் பிரிக்கவே இல்லை, வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. "வீட்டுக் குப்பைய வீட்டுலயே போடும்மா" என்றார். கடையில் ஆள் இருக்கும்போது! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 14, சனி

சமையலறையில் பழி தீர்க்கிறேன். வடிகட்டின டீத்தூளைக்கூட, கனம் குறையட்டும் என்று மொட்டைமாடியில் காயவைத்துத்தான் குப்பையில் போடுகிறேன். "அடுத்து என்ன, தக்காளிக்கு இஸ்திரியா?" என்று இவர் நக்கல். பேசவில்லை அவரோடு.

ஜூன் 17, செவ்வாய்

ஏழு கிலோ.

ஜூன் 21, சனி

ஐந்து கிலோ நானூறு! வண்டிக்காரப் பெண்ணே, "என்னக்கா, மந்திரம் எதுவும் போட்டீங்களா?" என்றாள். எதிர்வீட்டுக்காரி காதில் விழட்டும் என்றே, "எல்லாம் முறையாப் பிரிச்சுப் போட்டா தன்னால குறையும்" என்று பீற்றிக்கொண்டேன். ஓடிப்போய் அப்பாவிடமும் சொன்னேன். "கெட்டிக்காரிடி நீ" என்று சிரித்தார். உதடு வெடித்திருந்தது. வெண்ணெய் தடவிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 25, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். "சிறுநீர்ல கிருமி. உடம்புல நீர்ச்சத்தே இல்ல. தண்ணியே குடிக்கறதில்லையா?"

"டம்ளர் டம்ளரா வைக்கறோம் டாக்டர், காலியாத்தான் திரும்பி வருது" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவள் சலைன் பாட்டிலை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காலியாகத்தானே வருகிறது?

ஜூன் 27, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. எங்களை அடையாளம் தெரிகிறது. தண்ணியெல்லாம் எங்கே போச்சு என்று அப்பாவிடம் கேட்டேன். உருப்படியாக இருக்கிற அந்த இடது கையைத் தூக்கி, ஜன்னல் வழியாக ஊற்றுகிற மாதிரி காட்டினார்.

"எதுக்குப்பா?"

"குடிச்சா கனமாயிடுதுன்னு சொன்னியேம்மா."

பாவி, பாவி. என் வாயில் ஆசிட்டை ஊற்ற. நான் தெருவில் நின்று பெருமையடித்துக்கொண்ட ஒவ்வொரு கிலோவும் அவர் தாகம். வார்டே பார்க்க அழுதேன். அவர்தான் என் தலையைத் தடவிக்கொடுத்தார், என்னமோ தப்பு அவர் செய்த மாதிரி.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "இனிமே ஒரு சொட்டு வெளிய போச்சு, அவ்ளோதான் சொல்லிட்டேன்" என்று மிரட்டினேன்.

ஜூலை 5, சனி

வீட்டுக்கு வந்து நாலு நாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு, நானோ இவரோ எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறோம். இருந்தாலும் அப்பா பாதியில் நிறுத்திவிடுகிறார். "போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சு." பொய். நாக்கு காய்ந்துபோய்க் கிடக்கிறது. நான் எத்தனை சொன்னாலும் அவருக்கு அந்தப் பழைய பேச்சுதான் கேட்கிறது போல. எப்படி அழிப்பது அதை?

ஜூலை 8, செவ்வாய்

வண்டி சத்தம் கேட்டதும் அப்பாவின் ஜன்னலை முழுக்கத் திறந்துவைத்துவிட்டுப் போனேன்.

"எட்டு கிலோ நூறு! என்னக்கா, திரும்பவும் ஏறிடுச்சு?" என்றாள் வண்டிக்காரப் பெண். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"எங்கப்பாவோட டயப்பர்தான்" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "இன்னும் ஏறணும். அடுத்த வாரம் பாரு, பத்தைத் தாண்டும்."

ரசீதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்தார், ரொம்ப நேரம். நான் எங்கேயாவது முகம் சுளிக்கிறேனா என்று தேடினார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சொன்னார்: "தொண்ட காயுது. தண்ணி கொடும்மா."