ஜாடியில் இருந்தது கோழிக்குஞ்சு

இன்று காலை கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டையை உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் மயிரிழை போல ஒரு சிவப்பு நரம்பு. கடைக்காரர் பதறி அதை எடுத்துக் குப்பையில் போட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊர் செங் வரைக்கும் நாய்கள் குரைத்திருக்கும். பாவம், கோபம் அவர்மேல் இல்லை.

"முகம் வர்றதுக்கு முன்னாலயே இதயம் துடிக்க ஆரம்பிச்சிடும் மாமா" என்று அப்படியொரு நரம்பைக் காட்டித்தான் நீ சொன்னாய்.

வெள்ளைக்காரன் போகப்போகும் சுதந்திரத் தேதியைக் கேட்க நம்ம பண்டார் ஹிலிர் திடலில் ஊரே திரண்ட வருஷம் அது. சிங்கப்பூரில் பட்டம் முடித்து, தாய் வயிற்றில் கரு எப்படி உருவாகிறது என்று மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாய். மனிதக் கருவின் முதல் வாரங்கள் புரிய வேண்டுமானால் கோழிக் கருவை வரைந்து பழக வேண்டுமாம். வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் எடுத்த கருக்களை மருந்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஜாடி ஜாடியாகத் தீபாவளி விடுமுறைக்குக் கொண்டுவந்தாய். பஸ் நிலையத்திலிருந்து சுமந்து வந்தது இந்த மாமன்னன். சுல்தான்களின் மகுடத்தைக்கூட யாரும் அவ்வளவு பயபக்தியோடு தூக்கியிருக்க மாட்டார்கள்.

எதிர்வீட்டுக் கிராணி சன்னல் வழியே பார்த்துவிட்டார். ஆபீஸ் குமாஸ்தா, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற மனிதர். மறுநாள் அவர் மனைவியின் சங்கிலியைக் காணோம். போதாதா? நீ வைத்திருப்பது தொயோல், ஜாடியில் வளர்த்துத் திருட அனுப்பும் குட்டிப் பேய் என்று சாயங்காலத்துக்குள் நம்ம காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. மலாய்க்காரர் சொன்ன பேயை அவர்களைவிட நம்மவர்கள் கெட்டியாக நம்பினார்கள்.

ஆட்கள் உன் அப்பாவைத் தேடி வந்தார்கள். கோழிக்குஞ்சு திருடினால் அரிசியைத்தானே திருடும், சங்கிலி எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"படிச்ச பொண்ணுன்னா இன்னும் ஆபத்துலா" என்றார் கிராணி.

உன் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். நீ துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தபோது உன் அப்பா அத்தனை ஜாடியையும் ஆற்றில் கொட்டிவிட்டு வந்தார்.

காலி அலமாரியைப் பார்த்து நீ அழவில்லை. "அது கோழிக்குஞ்சுப்பா" என்று மட்டும் சொன்னாய்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

தெரிந்தேதான் கொட்டினார்! கிராணியின் முட்டாள்தனத்தை ஏழு ஜென்மத்தில் ஒரு ஜென்மமாவது மன்னிப்பேன். இதை எப்படி மன்னிக்க?

சங்கிலி கிராணி வீட்டு அரிசித் தொட்டியிலேயே கிடைத்தது. ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ மறுபடி முட்டையிலிருந்து தொடங்கி, படிப்பை முடித்து, லண்டனுக்குப் போனாய். இந்த வாசலை மிதிக்கவே இல்லை. அங்கேயே கண்ணையும் மூடிவிட்டாய்.

போன வாரம் உனக்கு இரங்கல் கூட்டம். தலைமை யார் தெரியுமா? அதே கிராணி. நம்ம ஊர்ப் பிள்ளை, நாமதான் தூக்கிவிட்டோம் என்று பேசினார். என் மூக்கிலிருந்து வந்த புகையில் மண்டபமே இருண்டிருக்க வேண்டும். ஏனோ விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

கூட்டம் கலைந்ததும் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ என்னை மன்னிச்சிருப்பாளா மச்சான்?"

வாயைத் திறந்தால் புளுகு என்று பெயர் வாங்கியவன் நான். அந்தக் கிழவருக்கு ஒரே ஒரு சின்னப் பொய் போதும், தூங்கிவிடுவார். இல்லை என்றேன்.

நீ ஒருவேளை மன்னித்திருப்பாய். எனக்குத் தெரியாது. உன் கோபத்தை நீ விட்டுப்போயிருந்தாலும், நான் இன்னும் கீழே வைக்கவில்லை.